கீழ் சர்வர் கோமதிநாயகம்

பனிமய மாதா மேல் ஆணை, சங்கரராமேஸ்வரர் மேல் ஆணை, இந்த இரண்டு பேரில் யாருக்கு முதலில் கோபம் வருகிறதோ அவர்கள் என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும், நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கோமதிநாயகத்தின் மண்டைக்குள் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து சாயங்காலம் வரை என்ன ஓடியது என்பது உமக்கு எப்படி ஓய் தெரியும் என்று கேட்பீர். கேளும், தப்பில்லை. சில பேருடைய மண்டைக்குக் கதவு கிடையாது. கோமதிநாயகத்துக்குக் கதவென்ன, சுவரே கிடையாது. ரோட்டில் போகிறவன்கூட நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

தூத்துக்குடி பைபாஸில் உப்பளம் முடிகிற இடத்தில் ஒரு சரக்கு யார்டு இருக்கிறது. கப்பலில் ஏறப் போகிற கண்டெய்னர்களும் இறங்கி வந்த கண்டெய்னர்களும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். அங்கே அடிக்கிற வெயிலுக்கு ஒரு கண்டெய்னர் மேல் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆவதற்கு முன்னாலேயே கரியாகிவிடும். ஆனால் யார்டு ஆபீசின் கடைசியில் இருக்கிற சர்வர் அறையில் ஏசி போட்டால், சுவர்ப் பல்லி நடுங்கிப்போய்த் தன் வாலைத் தானே கழற்றிக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இது நான் கண்ணால் பார்த்தது. அந்த அறையில்தான் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தான். வயிற்றில் தயிர்சாதமும் நாரத்தங்காயும், பிடரியில் ஏசிக் காற்று, கண்ணெதிரே திரையில் ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோடு இடமிருந்து வலம் ஓடி முடிய வேண்டும். முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதே கதைதான். தினமும் ஓடுகிறது, தினமும் முக்காலில் நிற்கிறது, கொஞ்ச நேரம் யோசிப்பது போலப் பாவனை செய்கிறது, பிறகு சிவப்பாகிச் செத்துப்போகிறது. நிற்கட்டும் என்று நினைத்தான் கோமதிநாயகம். நினைத்ததும் திடுக்கென்றது. நிற்கக் கூடாது என்று நினைக்கத்தானே சம்பளம் வாங்குகிறோம். ஓடிவிடு தாயே என்று ஒருதரம் ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தான். ஆனால் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலே எங்கேயோ ஒரு குரல், நிற்கட்டும் நிற்கட்டும், நாலு மணிவரைக்கும் நிற்கட்டும் என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு மீட்டிங். மனோன்மணி மேடம், அதாவது பொது மேலாளர், டவுனில் தலைமை ஆபீசில் உட்கார்ந்துகொண்டு திரை வழியாகப் பேசுவாள். பேசப்போவது ஒரே விஷயம்: யார்டில் இருக்கிற இந்த அப்டேட் சர்வர் இனி வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்று முடிவானால் சர்வரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கோமதிநாயகத்தைக் கழற்ற மாட்டார்கள், அது அதைவிட மோசம், எடை மேடையில் உட்காரவைத்து லாரிக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கச் சொல்வார்கள்.

அப்டேட் சர்வர் என்றால் என்னவென்று கோமதிநாயகம் தன் வீட்டுக்காரி சண்முகவடிவுக்கு ஒருதரம் ரேஷன் கடையை வைத்து விளக்கியிருக்கிறான். ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும் அரிசிக்காகத் தஞ்சாவூருக்கு ஓட முடியுமா? சர்க்கார் குடோனுக்கு மூட்டை வருகிறது, குடோனிலிருந்து கடைக்கு வருகிறது, கடையிலிருந்து வீட்டுக்கு. அதுபோலக் கம்ப்யூட்டருக்கெல்லாம் மாதாமாதம் சீமையிலிருந்து திருத்தம் வரும், ஓட்டை அடைப்பு வரும். அதை மொத்தமாக ஒரு சர்வர் இறக்கி வைத்துக்கொண்டு தன் கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு வைக்கும். அப்போ நீங்க குடோனா கடையா என்று கேட்டாள் சண்முகவடிவு. அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. வேண்டுமென்று கேட்டிருந்தாலாவது கோபித்துக்கொண்டிருக்கலாம். கடை. குடோன் டவுனில் இருக்கிறது, அதன் பெயர் மேல் சர்வர். அதன் சாவி கித்தேரியான் மச்சாது கையில். இது கீழ் சர்வர். மேலே என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்க்கவோ வேண்டாமென்று தள்ளவோ முடியாது. திரையிலே 'அனுமதி' என்று ஒரு பொத்தான் உண்டு, 'மறுப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. கித்தேரியான் திரையில் இரண்டும் பளிச்சென்று இருக்கும். கோமதிநாயகத்தின் திரையில் இரண்டும் சாம்பல் பூத்திருக்கும், அமுக்கினால் அமுங்காது. தினம் காலையில் வந்ததும் ஒருதரம் அமுக்கிப் பார்ப்பான். அமுங்காது என்று தெரியும். ஒரு பாகவதர் தனக்கு வராத கமகத்தை வருமா என்று தினம் பாடிப் பார்ப்பது போல, என்று சொல்லலாம், ஆனால் பாகவதருக்காவது தொண்டை தன்னுடையது. யார்டில் லாரி டிரைவர்கள்வரைக்கும் அவனுக்குக் கீழ் சர்வர் அண்ணாச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எவன் கிளப்பிவிட்டது? கித்தேரியானாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். அவன் சிரிப்புக்குத்தான் எல்லாம் கிடைத்தது.

அந்தச் சிரிப்பு. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள், கித்தேரியானிடம் பேனா இல்லையென்று கோமதிநாயகம்தான் கொடுத்தான். அந்தப் பேனாவைத் திருப்பித் தரவில்லை, அது போகட்டும். ஒரே டி.வி.எஸ் வண்டியில் கேபிள் சுருளை நடுவில் வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்கச் சுற்றினார்கள். மேல் சர்வருக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். கோமதிநாயகம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், கேட்காததற்கும் சொன்னான். கித்தேரியான் பாதிக்குத் தெரியாதென்று சொல்லிச் சிரித்தானாம். தெரியாது என்று சொல்கிறவனை எடுத்தால் தெரியும் என்று சொன்னவன் என்ன ஆவது? பச்சைக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. நகர்ந்ததோ? இல்லை, கண் கூசுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன் கண்டெய்னரைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாதது போல அந்தரத்தில் நின்றது. போன மாதம் சண்முகவடிவின் போன் மெதுவாகிப்போனது. அப்டேட் கேட்கிறது, போட்டால் நிற்கிறது என்றாள். ராத்திரி பார்க்கிறேன் என்றான் கோமதிநாயகம். நாலு ராத்திரி பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் போன் சிட்டாகப் பறக்கிறது. என்ன செய்தாய் என்றால், மாதா கோயில் பக்கம் போயிருந்தேன், கித்தேரியான் அண்ணனைப் பார்த்தேன், நின்றபடியே சரிபண்ணிக் கொடுத்துவிட்டார், பாவம் நல்ல மனுஷன் என்றாள். நல்ல மனுஷன். பொண்டாட்டியின் போனுக்குள் கைவிட்ட நல்ல மனுஷன். அதில் என்னென்ன இருந்ததோ, என் புருஷன் கீழ் சர்வர் என்று யாருக்காவது எழுதியிருந்தாளோ, அவன் அதைப் படித்தும் படிக்காதது போலத் திருப்பிக் கொடுத்தானோ. அவன் படித்திருக்க மாட்டான். அதுதான் அவனிடம் கோபமே. படிக்கிற ஆளாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏன் நிற்கிறது? டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தான், தாராளமாக இருந்தது. சர்வர் கடிகாரம் மேல் சர்வர் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தான், வினாடி பிசகவில்லை. சர்வீஸை நிறுத்தித் திரும்பக் கிளப்பினான், சமர்த்தாக எழுந்தது. மேல் சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தான்; கூப்பிட்ட குரலுக்கு நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று நாலுதரம் பதில் வந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினான். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. இங்கே ஒரு குறையும் இல்லை. கீழே குறையில்லையென்றால் குறை எங்கே? மேலே. ஞாயிற்றுக்கிழமை மேலே கித்தேரியான் என்னவோ செய்தான், அதிலிருந்துதான் இந்தக் கோளாறு. மனோன்மணி மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டினான். மேடம், நான் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. நல்ல ஆரம்பம். மேடம், என் பக்கம் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டேன். மேல் சர்வரை இன்னும் அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் நன்றாக இருக்கும். மேடம் ஒரு புருவத்தைத் தூக்குவாள். கித்தேரியான் சிரிக்கப் பார்ப்பான், சிரிப்பு வராது. அந்தச் சிரிப்பு வராத முகத்தைக் கோமதிநாயகம் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான், சவரம் செய்துகொண்டவன் கண்ணாடியைப் பார்ப்பது போல. பிறகு கண்ணாடியின் மூலையில் ஒன்று தெரிந்தது. உடனே வேறு பக்கம் பார்த்தான். ஏசி சத்தம் போடுகிறது, கேஸ் தீர்ந்திருக்கும். கேண்டீனில் வடை போட்டிருப்பார்கள். கேண்டீன். கேண்டீன் கம்ப்யூட்டர். ஐயையோ, அதை நினைக்கக் கூடாது.

அது என்னவென்று நான் சொல்கிறேன், அவன் நினைக்க மாட்டான். மாதம் பிறந்தால் தலைமை ஆபீசுக்கு ஒரு அறிக்கை போகும். கித்தேரியான் பொறுப்பில் இத்தனை கம்ப்யூட்டர், கோமதிநாயகம் பொறுப்பில் இத்தனை கம்ப்யூட்டர். கித்தேரியானுடையது எப்போதும் கூட. கோமதிநாயகம் என்ன செய்தான் என்றால், செத்துப்போன கம்ப்யூட்டர்களின் பெயரைத் தன் சர்வரிலிருந்து எடுக்காமலே விட்டுவிட்டான். தேர்தல் வந்தால் சில தெருக்களில் செத்தவர்களுக்கும் ஓட்டு இருக்குமே, அதே முறை. இரண்டாம் கேட் கம்ப்யூட்டர் மேல் ஒரு டிரெய்லர் பின்பக்கமாக ஏறி இறங்கியது. தட்டையாக்கி எடுத்தார்கள், தோசைக்கல்லாகப் பயன்படும் என்று ஒரு கிளீனர் கேட்டு வாங்கிப் போனான். பழைய எடை மேடைக் கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை, துரு மட்டும் ஒரு படி இருந்தது, பெருக்கி அள்ளினார்கள். ஒன்று தப்பித் தவறிக் கொழும்புக் கண்டெய்னரில் ஏறிப் போய்விட்டது, இன்றைக்கும் அங்கே ஒரு பிஸ்கட் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பதாக மாலுமிகள் சொல்கிறார்கள். கேண்டீனில் இருந்ததற்குள் எலி குட்டி போட்டது. தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாமென்று அப்படியே தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டார்கள். இப்படி உடல் போன கம்ப்யூட்டர்கள் எல்லாம் கோமதிநாயகத்தின் சர்வரில் பெயராக வாழ்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் கித்தேரியானை எண்ணிக்கையில் தாண்டிவிடலாம் என்பது அவன் ஆசை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இதற்கு நடுவில் ஒரு சனியன், கிளீனப். வருஷத்துக்கு ஒன்றிரண்டுதரம் சர்வரைத் துடைக்க வேண்டும். பழைய அப்டேட், வேண்டாத அப்டேட், செத்த கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் துடைத்து எடுத்துவிடும். அதிலே ஒரு முறை உண்டு, அந்தத் தொழிலில் இருக்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். சரக்கு மேலிருந்து கீழே வரும், துடைப்பு மட்டும் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கடை, அப்புறம் குடோன். மாற்றிச் செய்தால் இரண்டு சர்வரின் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாது, கோடு முக்காலில் நிற்கும். போன வெள்ளிக்கிழமை கித்தேரியான் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மேலே துடைக்கப் போகிறேன், கீழே துடைத்துவிட்டாயா என்று கேட்டான். கோமதிநாயகம் கண் முன்னால் எலி, பிஸ்கட் கடை, தோசைக்கல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதெல்லாம் போன வாரமே துடைச்சாச்சு என்றான்.

இப்போது சொல்லும், அவன் எப்படி அதை நினைப்பான்? நினைக்காமலிருப்பதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. நினைப்பு வாசலில் வந்து நிற்கும், அவன் கித்தேரியான் மேல் புதுசாக ஒரு கோபத்தைக் கண்டுபிடித்து அதைக் கொண்டு கதவை அடைப்பான். கித்தேரியானின் மகள் மெடிக்கல் படிக்கிறாள். அவன் தலையில் இன்னும் நரை இல்லை, மை அடிக்கிறானோ, இல்லை, மை அடித்தால் காதோரம் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தாயிற்று. அவனுக்கு மட்டும் ஜன்னலோர இருக்கை, கடல் தெரிகிற ஜன்னல். இங்கே ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் பின்புறம். நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு? இருபது நிமிஷம் இருக்கும். பொய் சொன்னதாக யாருக்குத் தெரியும்? கித்தேரியானுக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பான். சொன்னால் என்ன ஆகும்? மேடம் ஒரே வார்த்தை சொல்வாள், எடு. சர்வர் இருந்த ரேக்கில் தூசி வடிவமாக ஒரு செவ்வகம் இருக்கும். எடை மேடையில் பிளாஸ்டிக் நாற்காலி. டோக்கன். கீழ் சர்வர் அண்ணாச்சி என்று கூப்பிட்டவன் எல்லாம் அப்போது வெறும் அண்ணாச்சி என்பான், சர்வர்கூடப் போய்விடும். வெறும் அண்ணாச்சி. அந்தப் பட்டப்பெயரை வெறுத்துத்தானே இத்தனை வருஷம் இருந்தேன், அது போய்விடும் என்றதும் ஏன் விட மனசு வரவில்லை? கோடு நகர்ந்தது. நகர்ந்து, சிவந்து, செத்தது. அப்போதுதான் போன் அடித்தது. கித்தேரியான்.

எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு மணியடிப்பு பார்த்துவிட்டு எடுத்தான்.

"ஏல கோமதி, நீ கீழ துடைக்கலல்லா?"

கோமதிநாயகம் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். 

"செவ்வாக்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன். உன் லிஸ்டு மேல வருதுல்லா, அதுல அந்தக் கொழும்புக்குப் போன கழுத இன்னும் இருக்கு. சரி, கேளு. மீட்டிங்ல நீ வாயத் திறக்காத. தப்பு என்னுதுன்னு சொல்லிருதேன். கீழ கேக்காம அவசரத்துல துடைச்சிட்டேன்னு. எனக்கு ஒண்ணும் ஆகாது, திட்டுவா, வாங்கிக்கிடுதேன். உன் சர்வர் தப்பிச்சிரும். வச்சிருதேன்."

வைத்துவிட்டான். கோமதிநாயகம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதலில் ஒரு குளிர்ச்சி வந்தது, வெயிலில் வந்தவன் தலையில் செம்புத் தண்ணீர் விட்டது போல. தப்பித்தோம். சர்வர் இருக்கும், நாற்காலி இருக்கும், எலிக்குட்டிகூட இருக்கும். அந்தக் குளிர்ச்சி பிடரியிலிருந்து இறங்கி முதுகுக்கு வருவதற்குள் சுடத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமையே தெரியுமாம். செவ்வாயும் புதனும் வியாழன் மத்தியானம் வரைக்கும் தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறான். நான் இங்கே மேடத்துக்கு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் அங்கே எனக்காக வாக்கியம் கட்டியிருக்கிறான். அவன் வாக்கியம் என் வாக்கியத்தைவிட நன்றாக இருக்கிறது. பதவி அவனுக்கு. பளிச்சென்ற பொத்தான் அவனுக்கு. கடல் ஜன்னல் அவனுக்கு. என் வீட்டுக்காரி வாயால் நல்ல மனுஷன் என்ற பேர் அவனுக்கு. இப்போது என் பொய்யையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு தேர்ப்பவனி வரப்போகிறான். இனி நான் செத்தாலும் அவனைத் திட்ட முடியாது. மனசுக்குள்கூட முடியாது. ஒரு ஆளுக்கு மற்றவனைத் திட்டுகிற பாக்கியத்தையும் விட்டுவைக்கக் கூடாதா?

மீட்டிங் தொடங்கிற்று. திரையில் ஒரு கட்டத்தில் மனோன்மணி மேடமும் பக்கத்தில் கித்தேரியானும், அடுத்த கட்டத்தில் கோமதிநாயகம் மட்டும், பின்னால் ரேக்கின் விளக்குகள் மினுங்க. மேடம் நேராக விஷயத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார்டுக்கு அப்டேட் போகவில்லை, நாளைக்கு எடை மேடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் லாரி மதுரை ரோடு வரைக்கும் நிற்கும், இதற்கு யார் காரணம் என்றாள். கித்தேரியான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தப்பு என்னுடையது மேடம் என்றான். கீழே கேட்காமல் அவசரப்பட்டு மேலே துடைத்துவிட்டேன் என்றான். சிரிக்கவில்லை. மேடம் திட்டவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. திட்டியிருந்தால் கோமதிநாயகம் வாயை மூடிக்கொண்டு காலம் முழுக்க வாழ்ந்திருப்பான். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கித்தேரியானை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கம்பெனியில் தப்பை இப்படி நேராக ஒத்துக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அந்தப் பார்வைக்காகப் பதினெட்டு வருஷம் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவன் கோமதிநாயகம். உள்ளங்கால் முதல் உச்சிவரைக்கும் ஒரு எரிச்சல் ஏறியது. சர்வர் அறையின் ஏசி அந்தச் சூட்டைத் தாங்காமல் நின்றுவிட்டது, இதற்கும் சாட்சி உண்டு. அவன் விரல் போய் மைக்கைத் திறந்தது. விரலிடம் யாரும் கேட்கவில்லை.

"மேடம், அவன் சொல்றது பொய். துடைக்காம துடைச்சேன்னு சொன்னவன் நான்."

கித்தேரியான் திரும்பிப் பார்த்தான். மேடம் இருவரையும் பார்த்தாள். கித்தேரியான் சட்டென்று, இல்லை மேடம், கூடப் படித்தவர்கள் போலப் பழகிவிட்டோம், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறான் என்றான். மேடத்தின் தலை இப்போது கோமதிநாயகத்தின் பக்கம் சாய்ந்தது. அதே பார்வை. ஒரு கணம் அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது அவனுக்கு. ஆனால் அது கித்தேரியான் எடுத்துக் கொடுத்த பார்வை. அவன் கையால் வாங்குவதா? இந்தாங்க மேடம் என்று தன் திரையை அவர்களுக்குத் திறந்து காட்டினான். செத்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். இது தோசைக்கல்லானது, இது துருவானது, இதில் எலி இருக்கிறது, இது கொழும்பில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரலில் ஒரு கம்பீரம் வந்துவிட்டது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிறவன் மாதிரி. எண்ணிக்கை கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்திருந்தேன் மேடம், யாரைவிடக் கூட என்று கேட்காதீர்கள் என்றான். மேடம் கேட்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இப்போதே, என் கண் முன்னால் துடை என்றாள். கோமதிநாயகம் கிளீனப்பை அமுக்கினான். அந்தப் பொத்தான் மட்டும் சாம்பல் இல்லை, அமுங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொழும்பு கடைசியாகப் போயிற்று. பாதிக்கும் கீழே வந்து நின்றது அவன் கணக்கு.

மேடம் கித்தேரியானிடம் திரும்பினாள். இனி இந்தக் கீழ் சர்வர் வேண்டுமா, நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எடுத்துவிடலாம் என்றாள். எல்லாம் போய்க் கடைசியில் அவன் வாயில் வந்து நிற்கிறது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டான். எடு என்று சொல்லுடா. சொல்லிவிடு. ஒரே ஒருதரம் கெட்டவனாக இருந்து தொலை, நான் டோக்கன் கொடுத்துக்கொண்டாவது உன்னை மனசாரத் திட்டுகிறேன்.

"இருக்கட்டும் மேடம்," என்றான் கித்தேரியான். "யார்டு நெட் லைன் சின்னது. எல்லா கம்ப்யூட்டரும் இங்க வந்து அப்டேட்ட இழுத்தா எடை மேடை நின்னுரும். கோமதி பாத்துக்கிடுவான்."

அவ்வளவுதான், மீட்டிங் முடிந்தது. சர்வர் தப்பித்தது. கோமதிநாயகம் பறிக்கப் பார்த்த நல்லவன் பட்டம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அவன் மேலிருந்து அப்டேட்டை இறக்குகிற சிங்க் பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். பச்சைக் கோடு கிளம்பியது, முக்காலைத் தாண்டும்போது கொஞ்சமும் யோசிக்கவில்லை. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. போன் மறுபடியும் அடித்தது.

"நிம்மதியா இருந்தவனக் கெடுத்திட்டியல," என்றான் கித்தேரியான். குரலில் உண்மையாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது. "ரெண்டு நாளா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்து வச்சிருந்தேன். ஒருதரம் தியாகி ஆயிட்டுப் போறேன்னு பாத்தா அதுவும் உனக்குப் பொறுக்கல. போட்டும். ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். நாலு நாளா பெரிய ஆளா இருந்தியே, ஒரு டீயாவது வாங்கித் தந்தியா?"

என்ன பெரிய ஆள் என்றான் கோமதிநாயகம்.

"தெரியாதாக்கும். ஞாயித்துக்கிழம நான் துடைச்சதும் என் கணக்கு உன்னுதுக்குக் கீழ எறங்கிட்டுல்லா. என்கிட்டயும் கொஞ்சம் பொணம் கெடந்துது. இன்னைக்கு மீட்டிங் வரைக்கும் நீதாம்ல கூட. பாக்கவே இல்லியா?"

பார்க்கவில்லை. நாலு நாளும் பச்சைக் கோட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், கித்தேரியானின் நரைக்காத தலையைப் பார்த்தான். எந்த உச்சிக்காக எலியையும் துருவையும் சோறு போட்டு வளர்த்தானோ அந்த உச்சியில் நாலு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறான், கீழே இருக்கிறோம் என்று புழுங்கிக்கொண்டே. தன் கையாலேயே, மேடம் பார்க்கப் பார்க்க, அதிலிருந்து குதித்தும் விட்டான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். புதன்கிழமை என்ன செய்தேன்? பல்வலி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். ஒரு முழு நாளை, அதுவும் உச்சியில் இருந்த நாளை, கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு படுத்தே கழித்திருக்கிறேன். அப்படி இருந்தவன் மேல், தன் மேலேயே, ஒரு புதுப் பொறாமை அவனுக்குக் கிளம்பியது. கோடு ஓடி முடிந்து திரை முழுக்கப் பச்சையாகியிருந்தது, அதை அவன் பார்க்கவில்லை. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஏல, ஞாயித்துக்கிழம எத்தன மணிக்குல துடைச்ச? காலையிலயா, மத்தியானமா?"

கித்தேரியான் என்ன சொன்னான் என்பது உமக்கு வேண்டாம். நீர் இதை யாரிடமும் சொல்ல மாட்டீர் என்று தெரியும், ஆனால் சொல்லாமலும் இருக்க மாட்டீர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்வதானால் யாரோ ஒரு ஆள் என்று சொல்லும், பேர் வைத்துச் சொல்லாதேயும். யார் சொன்னது என்று கேட்டால், திருச்செந்தூர் பஸ்ஸில் முன்சீட்டில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள், முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடும். என் பேர் மட்டும் வரக் கூடாது. கோமதிநாயகம் இன்றைக்கும் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவன், அதைக் கெடுத்துவிடாதேயும்.